உங்கள் மகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், மாமா

மதிப்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகள் சுகம். வீடு சுகம். மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயும் இப்போது சுகம். நான் சுகமா இல்லையா என்பது இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் எடுக்கப்போகும் முடிவைப் பொறுத்தது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எப்படி இருந்தாலும் இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். கைப்பிடி வைத்த நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டீர்களா? சரி.

போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "ஹலோ" என்று சொன்னாலே எனக்குப் பாதி வார்த்தை மறந்துபோகிறது. ரயிலில் கார்டாக இருந்தவர் குரல், ஓடுகிற வண்டியையே நிறுத்தும், நான் எம்மாத்திரம்? தவிர, உங்கள் மகள் எந்தப் போனையும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். ஒரு வார்டு முழுவதையும் ஒரே அதட்டலில் அடக்குகிற தலைமை நர்ஸுக்கு ரகசியம் பேசுகிற பழக்கம் எங்கிருந்து வரும்? ஆகவே கடிதம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாமா, எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது!

தண்ணீர் குடியுங்கள். குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களுக்கும் வக்கீல்களுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் மனைக்குள் ஒரு சாண் தள்ளிக் கட்டிய அந்தச் சுவருக்காக, என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நீங்கள் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறீர்கள். முதல் வக்கீல் பாதி வழக்கில் நீதிபதியாகிப் போய்விட்டார். இரண்டாமவர் பக்கத்து வீட்டுக்காரனுக்கே சம்பந்தியாகிவிட்டார். மூன்றாமவர் வாய்தா வாங்குவதைத் தவிர வேறொன்றும் அறியாத உத்தமர். கல்யாணப் பேச்சின்போது நீங்கள் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி வாத்தியார்தானே? வக்கீல் இல்லியே? அது போதும், பொண்ணைக் கொடுக்கிறேன்." அந்த ஒரே தகுதியை இப்போது நான் இழக்கப்போகிறேன் என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது. ஆனால் பாதி பயம் என்றால் மீதி சந்தோஷம் மாமா. உங்களிடம் மறைப்பானேன், ஒரு வாரமாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எல்லாம் ஒரு மீன்தொட்டியில் ஆரம்பித்தது. எங்கள் தலைமையாசிரியர் தன் அறையில் மூன்று ஆரஞ்சு நிற மீன்கள் வளர்த்து வந்தார். எங்களிடம் அவர் பேசிய மொத்தப் பேச்சைவிட அந்த மீன்களிடம் பேசியது அதிகம். ஒருநாள் காலை அறையைத் திறந்தால் தொட்டி சுக்குநூறு, மீன்கள் தரையில் துள்ளுகின்றன, நடுவில் பள்ளியின் கால்பந்து. மீன்களைப் பொறுக்கி ஆசிரியர் அறைக் குடிதண்ணீர் வாளியில் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அன்று எங்களில் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. பந்து என்றாலே பழி விளையாட்டு மாஸ்டர் மேல்தானே? அவரை நாங்கள் விசில் மாஸ்டர் என்போம். மைதானத்தில் அவர் ஊதினால் தெருக்கோடியில் போகிற சைக்கிள்கூட நிற்கும். கூரைக்குக் கீழே வந்துவிட்டாலோ வாயில் கொழுக்கட்டைதான். மைதானத்திலிருந்து அலட்சியமாகப் பந்தை உதைத்துத் தொட்டியை உடைத்ததற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டு அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு மனிதர் ஆசிரியர் அறைக்குள் வந்ததும், அங்கிருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று வகுப்பு இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது நான்தான். நானோ எட்டாம் வகுப்புப் பூகோள விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று அவர் கடிதத்தைத் தாள்களுக்கு மேலே வைத்தார். எனக்கு முன்னால் எதை வைத்தாலும் கை தன் வேலையைப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் சுவர் வழக்கு மனுவையே ஒருமுறை டிக் அடித்துக் கொடுத்தவன் நான். "எந்தப் பந்து?" என்று ஓரத்தில் எழுதினேன். "உதைத்ததைப் பார்த்தவர் யார்?" என்று கேட்டேன். "விடை போதாது, விரிவாக எழுதி வரவும்" என்று அடியில் போட்டு, பத்துக்கு மூன்று மதிப்பெண் கொடுத்து, வட்டமும் சுழித்துவிட்டேன். விசில் மாஸ்டர் சொன்னதைச் செய்கிற பிறவி. நேரே தலைமையாசிரியரிடம் கொண்டுபோய் நீட்டிவிட்டார்!

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் தலைமையாசிரியரும் ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதிக் கை வெளுத்தவர்தானே? சிவப்பு மையைப் பார்த்ததும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்துக்கு மூன்றா? இரவெல்லாம் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் விரிவாகத் திருத்தி எழுதி, ஓரத்தில் கோடு போட்டு மறுநாள் காலையில் கொண்டுவந்தார். "பள்ளியில் இருப்பதே ஒரு கால்பந்துதான், நீல ஒட்டுப் போட்டது, அதே பந்துதான்" என்று ஆணித்தரமாக எழுதியிருந்தார். அப்போதே எனக்குள் என்னவோ சுரீர் என்றது.

விசாரணை அன்று நூலகத்தில் நிர்வாகக் குழுவினர் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் சார்பில் பேச உடன் வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிவரலாம் என்று விதி. விசில் மாஸ்டர் என் சட்டைக் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. எனக்கும் கோர்ட் நடைமுறை தெரியாது, வகுப்பு நடைமுறைதான் தெரியும். சாட்சி சொல்ல வந்த ஆபீஸ் எழுத்தரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "நீங்க பாத்தீங்களா, பாக்கலியா? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். முழிக்கக் கூடாது" என்றேன். "பாக்கல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார அனுமதி கேட்டார். அடுத்து தலைமையாசிரியர்.

"சார், உடைச்சது அந்த நீல ஒட்டுப் பந்துதானா?"

"அதேதான். அதைத்தான் ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேனே."

"போன வாரம் சத்தம் தாங்கலேன்னு பசங்ககிட்டேயிருந்து அந்தப் பந்தைப் பறிச்சது யாரு சார்?"

"நான்தான். இந்த ஸ்கூல்ல வேற யாருக்கு அந்தத் தைரியம் இருக்கு?"

"பறிச்சு எங்க வெச்சீங்க?"

"என் ரூம்ல. பீரோ மேல."

"அப்புறம் திருப்பிக் கொடுத்தீங்களா?"

"கொடுப்பேனா? இன்னிக்கு வரைக்கும் கொடுக்கல..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"பீரோவை ஒட்டி, பந்துக்கு நேர் கீழே என்ன சார் இருந்துச்சு?"

"மீன்தொட்டி" என்றார். குரலே வரவில்லை பாவம்.

குழுவின் தலைவர், இரண்டு தொழிற்சாலைகளுக்கு முதலாளி, மெதுவாகக் கையைத் தூக்கி, "நான் ஒண்ணு கேக்கலாமா சார்?" என்று என்னிடம் அனுமதி கேட்டார் மாமா! "உக்காந்துக்கிட்டே கேளுங்க" என்றேன். அவர் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. வழக்கு தள்ளுபடி. வெளியே வந்ததும் விசில் மாஸ்டர் என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வராந்தாவில் ஒரு சுற்று ஓடினார். இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்காக யாரும் வாயத் திறந்து பேசினதே இல்ல சார்" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் மார்க் போட்டிருக்கிறேன், முட்டி போட வைத்திருக்கிறேன், பாஸ், ஃபெயில் என்று முத்திரை குத்தியிருக்கிறேன். ஒரு மனுஷனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனுக்காகப் பேசியது அன்றைக்குத்தான். பருவக்காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே கொட்டாவி வந்துகொண்டிருந்த நேரத்தில், எனக்குள்ளேயே ஒரு காற்று கிளம்பிவிட்டது.

பட்டதாரிகளுக்கு மூன்று வருஷப் படிப்பு, வயது வரம்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன். உங்கள் மகளிடம் சொல்லத் தைரியம் இல்லை. வக்கீல் என்ற சொல்லைக் கேட்டால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். நீங்கள் சுளித்தால் அவள் சுளிப்பாள். ஆகையால் சட்டப் புத்தகத்துக்குப் பூகோளப் பட அட்டை போட்டேன். அப்படியும் பயம் விடாமல் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். ஒப்பந்தச் சட்டம் கொஞ்சம் நீளம் மாமா; வெளியே வர நேரமாகும். நர்ஸ் வீட்டில் இதெல்லாம் செல்லுமா? "என்னங்க, எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கதவுக்கு வெளியே நின்று ஆரம்பித்தாள். குற்றவியல் சட்டத்துக்கு வந்தபோது எனக்கு வேகவைத்த கேரட்டைத் தவிர வேறு எதுவும் தட்டில் விழவில்லை. வாதாடிப் பார்க்கலாம்தான், வாதாடினால் உண்மை வெளியே வந்துவிடும். மென்று முழுங்கினேன்.

நுழைவுத் தேர்வு நாள் வந்தது. "பரிட்சை வேலை, போயிட்டு வந்துடறேன்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லையே! எதற்கும் முன்னதாகப் போய்விடலாம் என்று போனதுதான் தப்பாகப் போயிற்று. நரைத்த தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு தோல் பை. நான் அறைக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கும் வகுப்பைப் பார்த்தால் எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்? "உக்காருங்க. சத்தம் கூடாது" என்றேன். கல்லூரிச் சிப்பந்தி வந்து கேள்வித்தாள் கட்டை என் கையில் கொடுத்தார். பிரித்தேன், விநியோகித்தேன். "பேரை முதல்ல எழுதுங்க" என்றேன். வரிசைகளுக்கு நடுவே நடந்தேன், பின்பெஞ்சில் ஒரு பையன் தொடைக்கடியில் வைத்திருந்த செல்போனைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தேன், ஜன்னல் ஓரத்தில் இரண்டு பேரைப் பிரித்து உட்கார வைத்தேன். எவ்வளவு ஒழுங்கான தேர்வு! அப்போது மூச்சிரைக்க ஓடிவந்தார் உண்மையான மேற்பார்வையாளர் அம்மா. வழியில் வண்டி பழுதாம். "ரொம்ப நன்றி சார், நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்பலாம்" என்றார். நானும் "பரவாயில்லம்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தெருமுனைக் கடையில் தேநீர் வாங்கி ஊதி ஊதிப் பாதி குடித்திருப்பேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது, பரிட்சை எழுதவேண்டியவன் நான் என்று.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு நான் ஓடிய ஓட்டத்தை விசில் மாஸ்டர் பார்த்திருந்தால் மாவட்டப் போட்டிக்கு அனுப்பியிருப்பார். அந்த அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "அரை மணிக்கு மேல லேட்டா வந்தா உள்ள விடக் கூடாதுன்னு விதி சார்." எனக்கு ஒரே நொடியில் நாக்கு உலர்ந்தது; அடுத்த நொடியில் ஊறிவிட்டது! "லேட்டா வந்தவங்களைத்தாம்மா விடக் கூடாது. நான் உங்களுக்கும் முன்னாடி வந்தவன். நடுவுல வெளிய போனவன். வெளிய போகச் சொன்னது நீங்க" என்றேன். "பரிட்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்ததுக்கு சாட்சி?" என்று கேட்டார். பின்பெஞ்சிலிருந்து செல்போன் பையன் எழுந்தான். "நான் சாட்சி மேடம். வந்ததும் வராததுமா என் போனைப் புடுங்கினதே அவர்தான்." அறையே சிரித்தது. உள்ளே விட்டுவிட்டார். என் வாழ்க்கையில் இரண்டாவது வழக்கு, இரண்டிலும் ஜெயம். மீதி நேரத்தில் காற்றாய்ப் பறந்து எழுதி முடித்து, பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்தில் எனக்கு நானே மதிப்பெண்ணும் போட்டு வட்டமிட்டுக் கொடுத்துவிட்டேன்.

நேர்காணலில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் என் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்க போட்டதைவிட நீங்க உங்களுக்கு நாலு மார்க் கம்மியாப் போட்டிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டார். "கையெழுத்துக்குக் குறைச்சேன் சார்" என்றேன். இந்த வயதில் எதற்கு இது என்று கேட்டார்கள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன பதிலெல்லாம் பறந்துவிட்டது. விசில் மாஸ்டர் கதையைச் சொன்னேன். "மறுபடியும் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும் சார், அவ்வளவுதான்" என்றேன். போன வாரம் பட்டியல் ஒட்டினார்கள். அதில் நான் இருக்கிறேன். என் பெயரைத் தவிர வேறெந்தப் பெயரும் அன்று என் கண்ணில் படவில்லை. நீண்ட விடுப்பு கேட்டு மனு கொடுத்தேன். தலைமையாசிரியர் இவ்வளவு மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இனி என் வேண்டுகோள். மாமா, அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பம். நீங்கள் உடனே புறப்பட்டு இங்கே வந்து, உங்கள் மகளை உட்கார வைத்து, பதமாக, அவள் டியூட்டி முடிந்து சாப்பிட்ட பிறகு, விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைப்பாள். அவள் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். உங்களுக்கு வக்கீல் பிடிக்காது. எனக்காகப் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் என் முதல் வேலை அந்தச் சுவர்தான், சத்தியம். நீங்கள் வேண்டாம் என்றால் நான் மறுபடியும் பருவக்காற்றுக்கே திரும்பிவிடுவேன். ஆனால் மாமா, தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பெரியவர்கள் ஆசி இருந்தால் எந்தக் கூண்டிலும் நிற்கலாம் என்று நம்பும்,
தங்கள் அன்பும் நடுக்கமும் நிறைந்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நீங்களே போன் செய்துவிட்டீர்களே! நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும் என்பதால் மீதியையும் எழுதுகிறேன். கையெல்லாம் உறை ஒட்டும் பசையாக இருந்ததால் நான் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத்தான் அழுத்தினேன். "மாப்ளே, பக்கத்துல யாரும் இல்லியே?" என்று நீங்கள் கிசுகிசுத்தபோது யாரும் இல்லைதான். "கோவப்படக் கூடாது மாப்ளே. இந்த வக்கீலுங்கள நம்பிப் பிரயோஜனமில்ல. எனக்கு லா காலேஜ்ல சீட் கெடச்சிருச்சு. உங்க ஊர்ல எழுதினா நீங்க பாத்துருவீங்கன்னு இங்கேயே பரிட்சை சென்டர் வாங்கி எழுதினேன், இன்டர்வியூக்கு மட்டும் காலைல வந்து சாயங்காலமே திரும்பிட்டேன். உங்க ஊர்க் காலேஜ்தான், மூணு வருஷம் உங்க வீட்டுலதான் தங்கணும். எம் பொண்ணுகிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும். அவ உங்க பேச்சைத்தான் கேப்பா" என்று நீங்கள் சொல்லி முடித்தபோது, உங்கள் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். லைனைத் துண்டித்தது நானல்ல, அவள்.

கடிதத்தையும் எடுத்தாள். நின்றபடியே முழுதும் படித்தாள். மீன்தொட்டி இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள், கேரட் இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் என்னை யாருகிட்டச் சொல்லி எப்படிச் சரிக்கட்டலாம்னுதான் பாத்திருக்கீங்க. எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். மாமா, தலைமையாசிரியரை அத்தனை கேள்வி கேட்டவனுக்கு, இந்த வீட்டில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து நின்றேன். "நான் சட்டம் படிக்கட்டுமா? உங்க அப்பாவும் இங்க வந்து தங்கிப் படிக்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்கும்போது நாக்குக் குழறியது. எந்தக் குழுவுக்கு முன்னாலும் அப்படிக் குழறியதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போனாள். போகும்போது, "லெட்டரை அனுப்புங்க, அப்பாவும் படிக்கட்டும்" என்றாள். அறையில் அலமாரியை இழுத்து நகர்த்துகிற சத்தம் கேட்கிறது. இன்னொரு கட்டிலுக்கு இடம் பண்ணுகிறாளா, அல்லது என் கட்டிலை வெளியே தள்ளப்போகிறாளா என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பெட்டியைக் கட்டி வையுங்கள் மாமா. பூட்டிவிடாதீர்கள்.